சருமத்துக்குப் பசிக்காது

எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையைக் கொட்டி, அது கரைவதற்குள் முகத்தில் வைத்துத் தேய்த்தபோது எனக்குப் பதினெட்டு வயது. கன்னம் எரிந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, "எரிகிறதா? அப்படியென்றால் அழுக்கு போகிறது என்று அர்த்தம்" என்றாள். நானும் நம்பினேன். பத்து நிமிடம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு கழுவியபோது முகம் பளபளவென்று இருந்தது உண்மைதான். மறுநாள் காலையில் மூக்கின் இரு ஓரங்களிலும் தோல் செதில் செதிலாக உரிந்து, தண்ணீர் பட்டாலே சுரீர் என்றது. முந்தைய நாள் பார்த்த பளபளப்பு லேசான வீக்கம் என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

வீட்டிலேயே ஃபேஷியல் செய்துகொள்வது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொருள் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். இதைப் போட்டால் நிறம் கூடும், அதைப் போட்டால் சுருக்கம் மறையும். எந்தப் பொருள் தோலுக்குள் எதுவரை போகிறது, போய் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். மிஞ்சுவது மலிவானது, எளிமையானது, கொஞ்சம் சலிப்பானதும்கூட.

முகத்தோலின் ஆக வெளியே இருப்பது இறந்த செல்களால் ஆன ஒரு படலம். பதினைந்து இருபது அடுக்குகள் இருந்தும் அதன் மொத்தத் தடிமன் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான்; நாம் எழுதும் தாள் இதைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு தடிமன். செல்கள் செங்கல்லாக அடுக்கியிருக்க, செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த ஒரு கொழுப்பு, சாந்துபோல இடைவெளிகளை நிரப்பியிருக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியே இருப்பது உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சுவர்தான். அடித்தட்டில் பிறக்கும் செல் மேலேறி வந்து, இறந்து, உதிர்ந்து விழ இளவயதில் ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். 'இறந்த செல்களை நீக்குங்கள்' என்ற அறிவுரையைக் கேட்டால் ஏதோ குப்பையைக் கூட்டித் தள்ளுவது போலத் தோன்றும். அந்த இறந்த செல்கள்தான் வீட்டுச் சுவர். உதிரத் தயாராக மேலே தொற்றிக்கொண்டிருப்பவற்றை மட்டும் தட்டிவிடலாம். அதற்குமேல் சுரண்டினால் சுவரைச் சுரண்டுகிறோம்.

இந்தச் சுவரின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவு (7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்) இங்கே பொதுவாக 4.5 முதல் 5.5 வரை. 1928-இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். சுவரின் சாந்தைத் தயாரிக்கும் நொதிகள் சரியாக வேலை செய்யவும், தீமை செய்யும் கிருமிகள் பெருகாமல் இருக்கவும் இந்த அமிலத்தன்மை வேண்டும்.

சுவருக்குள் எது நுழையும் என்பதற்கும் ஓர் உத்தேசக் கணக்கு உண்டு. மூலக்கூறின் எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் போனால் நல்ல நிலையில் இருக்கும் தோலுக்குள் அது நுழைவது மிகவும் கடினம் என்று 2000-ஆம் ஆண்டில் ஒரு விதி முன்வைக்கப்பட்டது. தோல் மருந்துகளைத் தயாரிப்பவர்கள் இன்றும் அதை மனதில் வைத்திருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கருவின் முக்கியப் புரதம் ஏறத்தாழ 45,000 டால்டன். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் 3 லட்சத்தைத் தொடும். 'சருமத்துக்குப் புரதம் ஊட்டுகிறோம்' என்று முட்டையை முகத்தில் பூசுவது, பூட்டிய வீட்டின் சாவித்துவாரம் வழியாகக் கட்டிலை உள்ளே தள்ளப் பார்ப்பது போன்றது. வாழைப்பழத்தின் சத்து வேண்டுமென்றால் அதைச் சாப்பிடலாம். சருமத்துக்குப் பசி கிடையாது. இருந்தாலும் அதற்கு வாய் கிடையாது.

அப்படியென்றால் ஃபேஷியல் முடிந்ததும் முகம் மலர்ந்து தெரிகிறதே, அது எப்படி? பெரும்பகுதி தண்ணீர்தான் காரணம். வெளிப்படலத்தின் செல்கள் நீரை உறிஞ்சி உப்பும்போது அவற்றின் வறண்டு மடங்கிய ஓரங்கள் படிந்துவிடுகின்றன. மேடு பள்ளம் குறைந்த பரப்பு வெளிச்சத்தைச் சீராகத் திருப்பி அனுப்புகிறது. அதைத்தான் பொலிவு என்கிறோம். வெதுவெதுப்பும் விரல்களின் அசைவும் சேரும்போது ரத்த ஓட்டம் சற்றுக் கூடி, கன்னத்தில் லேசான சிவப்பும் ஏறுகிறது. சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள். அழகு நிலையத்தில் பெறும் பொலிவிலும் பெரும்பங்கு இதுதான். ஆகவே வீட்டு ஃபேஷியலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கையில் இருக்கும் பொருள் அந்தச் சுவரில் நீரைச் சேர்க்கிறதா, சுவரை உடைக்கிறதா?

இந்தக் கேள்வியோடு சமையலறைக்குள் போனால் முதலில் விலக்க வேண்டியது என் பழைய நண்பன் எலுமிச்சை. அதன் சாறு பி.எச். 2-க்கும் 2.5-க்கும் இடையில் நிற்கிறது. பி.எச். அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். தோலின் 5-இலிருந்து எலுமிச்சையின் 2-க்கு மூன்று படி, ஆயிரம் மடங்கு. 'வைட்டமின் சி இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது, 100 கிராம் சாற்றில் சுமார் 50 மில்லிகிராம், அதாவது 0.05 சதவீதம். அதே சாற்றில் சிட்ரிக் அமிலம் 5 முதல் 6 சதவீதம். ஒரு பங்கு வைட்டமினுக்காக நூறு பங்குக்கும் மேல் சிட்ரிக் அமிலத்தை முகத்தில் ஊற்றுகிறோம். கடையில் விற்கும் வைட்டமின் சி சீரங்களில் அது பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் பேரத்தின் நஷ்டம் விளங்கும்.

எரிச்சலோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. எலுமிச்சை வகைப் பழங்களில், குறிப்பாகப் பச்சைத் தோல் கொண்ட சிறு எலுமிச்சையில், ஃபியூரனோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் உள்ளன. இவை தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் செல்கள் வெந்துபோன மாதிரி சேதமாகும். உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவந்து, சிலருக்குக் கொப்புளமும் வந்து, ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடும்; அது மறைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நிறம் கூடுவதற்காகப் பூசியது கருமையை எழுதிவிட்டுப் போகிறது. இரண்டு நாள் இடைவெளி இருப்பதால் பழி எலுமிச்சையின்மேல் விழுவதும் இல்லை.

சமையல் சோடா இதற்கு நேரெதிர்த் திசையில் அதே தொலைவு. தண்ணீரில் கரைத்தால் பி.எச். 8-ஐத் தாண்டும், தோலின் அமிலப் போர்வையை விலக்கிவிட்டு வறட்சியைக் கொடுக்கும். எலுமிச்சையையும் சோடாவையும் சேர்த்துக் குழைத்து 'நுரைக்கும் ஃபேஸ் பேக்' செய்கிறவர்களைப் பார்க்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். நுரையில் போவது கார்பன் டை ஆக்சைடு. அளவு சரியாக அமைந்தால் கிண்ணத்தில் மிஞ்சுவது கொஞ்சம் உப்பும் தண்ணீரும். அளவு தவறினால் மிஞ்சிய அமிலமோ காரமோ முகத்துக்கு வரும்.

சர்க்கரை, உப்பு, காப்பித்தூள், உடைத்த கொட்டை ஓடு ஆகியவை உடம்புக்கு ஏதோ பரவாயில்லை, முகத்துக்கு வேண்டாம். ஒரு துளி சர்க்கரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் காரணம் தெரியும்: எல்லாப் பக்கமும் விளிம்பு. பப்பாளியில், முக்கியமாகக் காயின் பாலில், புரதத்தை அரிக்கும் நொதி உண்டு. இறைச்சியை மென்மையாக்கப் பயன்படும் அதே நொதிதான். எவ்வளவு நேரம் வைத்தால் போதும் என்று அளக்க வீட்டில் வழியில்லை. பருவின்மேல் பற்பசை தடவுவதைச் சொல்லவே வேண்டாம்.

முட்டை வெள்ளைக்கருவின் கதை சுவையானது. அது உலரும்போது சுருங்கி மெல்லிய படலமாகத் தோலை இழுத்துப் பிடிக்கும். கண்ணாடியில் பார்த்தால் நெற்றிச் சுருக்கம் குறைந்த மாதிரி உண்மையாகவே தெரியும். கழுவியதும் படலம் போகும், சுருக்கம் திரும்பும். பச்சை முட்டையில் சால்மனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், உதட்டுக்கும் கண்ணுக்கும் இவ்வளவு பக்கத்தில் அதைப் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி மிஞ்சியவை. மிஞ்சியவற்றில் என் ஓட்டு ஓட்ஸுக்கு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003-இல், மிக நுண்ணியதாக அரைத்த ஓட்ஸைத் தோல் பாதுகாப்புப் பொருள் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. சமையலறைப் பொருள்களில் இந்த மாதிரி முத்திரை பெற்றவை மிகக் குறைவு. இதன் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து நீரைப் பிடித்து வைத்து வழுவழுப்பான மேல்பூச்சாக நிற்கிறது. அவெனாந்த்ரமைடு என்ற சேர்மங்கள் அரிப்பையும் சிவப்பையும் தணிக்கின்றன. சப்போனின்கள் சோப்பின் கடுமை இல்லாமல் எண்ணெய்ப் பசையைக் கழற்றுகின்றன. எல்லாம் அரைப்பில்தான் இருக்கிறது. எதுவும் சேர்க்காத வெறும் ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்து, ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால்போல வெளுத்து, உள்ளே விரலை விட்டால் பட்டுப்போல வழுக்க வேண்டும். மாவு அடியில் மணலாகப் படிந்தால் அரைப்பு போதவில்லை. அதைத் தேய்த்தால் அதுவும் ஒரு ஸ்க்ரப்தான்.

அடுத்தது தயிர். 1780-இல் ஷீலே என்ற வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இந்த அமிலத்தின் உப்புகள் தோலின் சொந்த ஈரப்பிடிப்புப் பொருள்களிலேயே இருக்கின்றன. தயிரில் இது ஏறத்தாழ ஒரு சதவீதம், பி.எச். நான்கைச் சுற்றி. தோலுக்கு அதிகத் தொலைவில்லை. உதிரத் தயாராக இருக்கும் செல்களின் பிடிப்பைச் சற்றே தளர்த்துவதற்குமேல் இது எதுவும் செய்யாது. வீட்டில் பயன்படுத்தக் கடைகளில் விற்கும் லாக்டிக் அமில சீரங்கள் 5 சதவீதத்திலிருந்து தொடங்குகின்றன என்பதால், தயிர் அதிசயம் செய்யும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அதன் கொழுப்பு தோலை மிருதுவாக்குவதே பாதிப் பயன். உப்போ சர்க்கரையோ பழச்சுவையோ சேர்க்காததாக, அதிகம் புளிக்காததாக இருக்க வேண்டும்.

தேனில் 80 சதவீதம் சர்க்கரைகள், 17, 18 சதவீதம் தண்ணீர். இவ்வளவு கெட்டியான சர்க்கரைப் பாகு, தான் தொடும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் வறண்ட முகத்தில் பூசாமல், கழுவித் துடைக்காத ஈர முகத்தில் பூச வேண்டும். தேனில் உள்ள ஒரு நொதி, தண்ணீர் கலக்கும்போது சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. தேன் கிருமிகளைத் தடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பத்து நிமிடப் பூச்சில் முகப்பரு ஓடிவிடும் என்று அதற்குப் பொருளில்லை.

வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கண்ணின் கீழ் வீக்கம் வடிகிறது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் அதையே செய்யும், சாப்பிட வேண்டிய காய் மிச்சமாகும்.

எண்ணெய் விஷயத்தில் 'இயற்கை' என்ற சொல்லை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனமாக்கியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆலிவில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் அந்தச் சாந்தைக் கலைக்கிறது. சூரியகாந்தியில் மிகுந்திருக்கும் லினோலியிக் அமிலமோ செராமைடு கட்டப் பயன்படுகிறது. தேங்காய் எண்ணெய் பலருடைய முகத்தில் துளைகளை அடைத்துப் பருவைக் கிளப்பும். மசாஜுக்கு எண்ணெய் வேண்டும் என்றால் சூரியகாந்தி எண்ணெயில் நான்கு சொட்டு போதும்.

'ஆவி பிடித்தால் துளைகள் திறக்கும், குளிர்ந்த நீரில் மூடும்' என்ற நம்பிக்கையையும் தொட்டுவிட வேண்டும். துளையின் வாயில் திறந்து மூடும் தசை எதுவும் கிடையாது. வெப்பம் செய்வது வேறு: உள்ளே உறைந்த மெழுகாக நிற்கும் எண்ணெயை இளக்குகிறது, மேல்படலத்தை ஊறவைக்கிறது. அதற்குக் கொதிக்கும் பாத்திரத்தின்மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு குனிய வேண்டிய அவசியமில்லை. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோனவர்கள் உண்டு. மங்கு இருப்பவர்களுக்கும், முகம் அடிக்கடி சிவந்துபோகும் ரோசேசியா உள்ளவர்களுக்கும் வெப்பம் நிலைமையை மோசமாக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் முகத்துக்கு.

துண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் வரிசையாகச் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். உடனே விரல் நகம் பரபரக்கும். இவற்றில் பெரும்பாலானவை கரும்புள்ளிகளே அல்ல. எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து மேலே வரும் எண்ணெய்க்கு வழிவிடும் இழைகள். பிதுக்கினால் மெல்லிய வெண்ணிறப் புழு மாதிரி வெளியே வரும். சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி நிரம்பிவிடும், ஏனென்றால் அது அங்கே இருக்க வேண்டியதுதான். அசல் கரும்புள்ளி இதைவிட உப்பியும் கறுத்தும் இருக்கும். அந்தக் கறுப்பும் அழுக்கில்லை. நிறமியும், காற்றுபட்டு மாறிய கொழுப்பும். தேய்த்தால் போகாது. சாலிசிலிக் அமிலம் கலந்த பூச்சு எதையாவது மருந்துக் கடையில் வாங்குவது, நகத்தால் குத்தித் தழும்பு வாங்குவதைவிட மலிவு.

நான் இப்போது செய்வது இதுதான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரவில். பகலில் செய்தால் சற்றே மெல்லிதான தோலோடு வெயிலில் போக வேண்டிவரும். கையை நன்றாகக் கழுவி, வழக்கமான மென்மையான கிளென்சரால் முகம் கழுவுவேன். வெதுவெதுப்பான துண்டை இரண்டு மூன்று நிமிடம் வைப்பேன். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ் மாவு, ஒரு மேசைக்கரண்டி தயிர், அரைத் தேக்கரண்டி தேன் கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டால் கெட்டிக் கூழாகும். அதை ஈர முகத்தில், கண்ணைச் சுற்றி விட்டுவிட்டு, தேய்க்காமல் பூசுவேன். பத்து நிமிடம். காய்ந்து இறுகத் தொடங்கினால் ஈரக்கையால் ஒற்றிக்கொள்ள வேண்டும். 'நன்றாகக் காயட்டும்' என்பது தவறான கணக்கு, காயும் பூச்சு தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். கழுவும்போது ஓட்ஸே விரலுக்கடியில் லேசாக உருண்டு ஸ்க்ரப் வேலையைப் பார்த்துவிடும். துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கப் போவதற்குள் மாய்ஸ்சரைசர். வறண்ட இடங்களில் அதன்மேல் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி. தோல்வழியே ஆவியாகும் நீரைத் தடுப்பதில் அதை மிஞ்சும் மலிவான பொருள் இல்லை. மசாஜ், அந்த மாய்ஸ்சரைசரைப் பூசும்போதே இரண்டு நிமிடம், விரல் தோலை இழுக்காமல் வழுக்கிச் செல்லும் அளவுக்கு. சுகமாக இருக்கும். அதற்காகவே செய்யலாம்.

முதல் முறை என்றால் இதையெல்லாம் உடனே செய்துவிடக் கூடாது. கூழில் கொஞ்சம் எடுத்து முழங்கை மடிப்பின் உட்புறத்தில் பத்து நிமிடம் பூசிக் கழுவி, இரண்டு நாள் கவனிக்க வேண்டும். சாப்பிடும் பொருள்தானே, தோலை என்ன செய்யும் என்ற எண்ணத்துக்கு ஜப்பான் ஒரு பெரிய விலை கொடுத்தது. கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்திருந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. 2011-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அவர்களில் பலர் அதுவரை எந்தச் சிக்கலும் இல்லாமல் கோதுமை சாப்பிட்டு வந்தவர்கள். நுரை கண்ணிலும் மூக்கிலும் தினமும் பட்டதில், அந்தப் புரதம் ஒரு பகைவன் என்று உடல் கற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே பால், ஓட்ஸ், தேன் ஆகியவற்றில் ஏதாவது ஒவ்வாதவர்கள் அதை முகத்திலும் தவிர்க்க வேண்டும். தோலில் வெடிப்பு, எக்சிமா, உடைந்த பரு இருந்தாலும், பருவுக்குத் தரப்படும் டிரெட்டினாயின் போன்ற மருந்து பூசி வந்தாலும், அன்றுதான் முகச்சவரமோ வேக்சிங்கோ செய்திருந்தாலும் வெறும் தண்ணீரும் மாய்ஸ்சரைசரும் மட்டும்.

சமையலறை ஒருபோதும் தர முடியாத பொருள் ஒன்று உண்டு: சன்ஸ்கிரீன். கேரட் விதை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் வெயிலைத் தடுக்கும் என்று சொல்லப்படுவதை நம்பி வெளியே போக வேண்டாம். ஃபேஷியலில் மிச்சம் பிடித்த பணத்தை இதில் போடலாம். கரும்படலத்தையும் சுருக்கத்தையும் தள்ளிப்போடுவதில் ஓட்ஸும் தயிரும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

கிண்ணத்தில் கூழ் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். "ஃபிரிட்ஜில் வைத்துவிடு, அடுத்த வாரம் ஆகும்" என்று அக்கா இன்றும் சொல்வாள். கடை க்ரீமில் கிருமி வளராமல் காக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள்; நம் கிண்ணத்தில் அது இல்லை. தேன் மட்டும் தனியாக ஜாடியில் கெடாமல் இருப்பது அதில் தண்ணீர் குறைவு என்பதால். தயிரோடு கலந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. மிஞ்சியதை முழங்கையில் தடவிவிடுவேன். அதற்கும் மேல் இருந்தால் குப்பைக்கு.